கிற்றாருக்குப் போட்ட தகர மூடி

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளே இப்போது மின்சாரக் கிற்றார் ஒன்று தொங்குகிறது. மரக்கறி வாங்கப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது. நரம்புகளுக்குக் கீழே வெள்ளியாய் மினுங்குகிற சின்னப் பெட்டி, அதன் முகத்தில் வரிசையாய் ஆறு பொட்டு, இரண்டு பக்கமும் காது மாதிரி ஒவ்வொரு துண்டு, காதுக்கு ஒரு திருகாணி. போன கிழமை அங்கே நின்ற இரண்டு இளந்தாரிகளில் ஒருவன் மற்றவனுக்குச் சொல்கிறான்: "என்ன வடிவாய்க் கீறிச் செய்திருக்கிறாங்கள் பார் மச்சான்!"

வடிவாம்! எனக்கு உச்சியில் ஏறிய கொதியில் இரண்டு பேருடைய காதையும் திருகிவிட்டு வந்திருப்பேன். கையில் மரக்கறிப் பை இருந்தது, தப்பினார்கள். யாரோ ஒருவன் கதிரையில் சாய்ந்து, பென்சிலைக் கடித்துக் கடித்து, கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருக்கட்டும் என்று அதைக் கீறியதாய் நினைக்கிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. ஆறு நரம்பு இருக்கிறது, ஆகவே ஆறு பொட்டு. சுருள் இரையும், ஆகவே மூடி. மூடி கழன்று விழும், ஆகவே காதும் திருகாணியும். வெள்ளைக்காரன் தன் ஊரில் தன் பாட்டுக்கு அப்படிச் செய்திருப்பான். குருநகரில் நான் செய்தேன். என்னிடம் ஒருவரும் வடிவு என்று சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைப் பிக்கப் என்கிறார்களே, அது பெரிய மாயமில்லை. ஒரு காந்தம். அதோடு சேர்த்து, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய ஒரு சுருள். மேலே இரும்பு நரம்பு. நரம்பு துடித்தால் சுருளுக்குள்ளே மின்சாரம் துடிக்கும். அதைக் கம்பி வழியே லவுட்ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுபோனால் ஊருக்குக் கேட்கும். இவ்வளவையும் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. என் மனுஷனுக்காகப் படித்தேன்.

அவர் எங்கள் கோயிலில் வயலின் வாசித்தவர். கோயில் என்றால் வேதக் கோயில், கத்தோலிக்கக் கோயில். நாங்கள் கடற்கரைச் சனம். கிழமை நாளில் கடலுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பூசைக்கு வயலின் பிடிப்பார். உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒரு நாள் நங்கூரக் கயிறு இழுபட்டு, இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் அடியோடு கொண்டுபோய்விட்டது. வயலினில் நரம்பை அழுத்துவது இடது கை விரல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வயலினைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டார். ஒரு வருஷம் மனிதர் வாய் திறக்கவில்லை. நான் வாய் மூடவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கதைக்க வேண்டாமா?

பிறகு ஒரு ஹவாய் கிற்றார் கைக்கு வந்தது. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் வேண்டாம் என்று விற்றது. அதை மடியில் படுக்கவைத்து வாசிப்பார்கள். இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து நரம்புகளின் மேலே வழுக்கினால் போதும். விரல் விரலாய் அழுத்தத் தேவையில்லை. மிச்சமிருந்த விரல்களே அதற்குக் காணும், தாராளமாய்ப் போதும். மூன்று மாதத்தில் அந்தப் பெட்டியை அழவைத்தார், சிரிக்கவைத்தார். நான் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புகை என்று சொல்லிக்கொண்டு.

ஆனால் அதற்குச் சத்தம் இல்லை. வீட்டுக்குள்ளே கேட்கும், முற்றத்தில் கேட்காது. கோயில் வாத்தியக் கோஷ்டிக்குள்ளே போய் இருந்தால் அவருக்கே கேட்காது. அந்தக் கோஷ்டியை நடத்தியவர் என் அக்காவின் புருஷன், அத்தான். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தகரக்கடை வைத்திருந்தார். விளக்கு, பேணி, புனல், பீலி எல்லாம் தகரத்தில் அடித்து ஒட்டுவார். ஆர்மோனியம் வாசிப்பார். வாசிப்பார் என்று எல்லாரும் சொல்வதால் நானும் சொல்கிறேன். எனக்கு அது துருத்தி ஊதுகிற சத்தம்தான். என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது, அவரைக் கண்டால் எனக்கு ஆகாது. கலியாண வீட்டில் தொடங்கிய பகை, பிள்ளைகள் பிறந்தும் ஆறவில்லை.

திருநாளுக்கு மூன்று மாதம் இருக்கையில் அத்தான் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார். நான் கதிரை போடவில்லை. தானே இழுத்துப் போட்டு இருந்தார்.

"தம்பி, உம்மடை கிற்றார் உமக்கும் உம்மடை மனுசிக்கும்தான் கேக்குது," என்றார். "கோஷ்டியிலை ஒரு கதிரை சும்மா கிடக்கிற மாதிரி இருக்குது. சனம் என்னைக் கேக்குது, உவர் என்ன செய்யிறார் எண்டு."

"இன்னும் ரெண்டு மாசம் விடுங்கோ அண்ணை," என்றார் என் மனுஷன்.

"திருநாள் வரைக்கும் விடுறன். அண்டைக்குச் சனத்துக்குக் கேட்டால் கதிரை உமக்கு. கேக்காட்டில் பாஞ்சோ வாசிக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கூப்பிடுவன். கோவிக்கப்படாது."

"கோவிக்க மாட்டார்," என்றேன் நான் உள்ளே இருந்து. "அவருக்கும் சேர்த்து நான் கோவிக்கிறன். எழும்பிப் போங்கோ அத்தான்."

அவர் போன பிறகு என் மனுஷன் நெடுநேரம் அந்த இரண்டு விரல் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கதிரையும் போனால் நான் பிறகு என்ன, கடற்கரையிலை வலைக்குக் காவல் இருக்கிற ஆள்தான்," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தத் திருநாளில் அந்தக் கிற்றார் சந்தி வரைக்கும் கேட்க வேண்டும் என்று.

வழி ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டைக் காலத்தில் மயிலிட்டியிலிருந்து பலாலிப் பட்டாளத்து முகாமுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தவர். அங்கே ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரிக் கிற்றாரை மடியில் வைத்து வாசித்தானாம், பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து சத்தம் இடி மாதிரி வந்ததாம். "நரம்புக்கு மேலாலை குதிரை லாடம் மாதிரி ஒண்டு வளைஞ்சு நிண்டது. கிற்றாருக்கு ஏன் லாடம் அடிச்சவங்கள் எண்டு நினைச்சனான்," என்று அடுப்புக்கரியால் சீமெந்து நிலத்தில் கீறிக் காட்டினார். கீழே கறுப்பாய் ஒரு கட்டை இருந்தது என்றும் சொன்னார். அவர் பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் தட்டித் தடவிக் கண்டுபிடித்தோம்.

பட்டாளத்தார் போனபோது விட்டுப்போன பழஞ்சாமான்கள் ஊர் முழுக்கக் கிடந்தன. உடைந்த லொறி இயந்திரத்திலிருந்து லாடம் மாதிரி வளைந்த காந்தம் ஒன்று கிடைத்தது. அந்தக் காந்தம் ஏன் லாட வடிவாய் இருக்கிறது என்றால், இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் இழுவை கூடுமாம். பழைய வயர்லெஸ் பெட்டி ஒன்றின் வயிற்றைக் கிழித்ததில் அந்த மயிர்க் கம்பியும் கிடைத்தது. அதை ஓர் உருளையிலிருந்து பிரித்து நான் செய்த உருளையில் சுற்ற வேண்டும். ஆறு நரம்பும் எவ்வளவு அகலத்தில் கிடக்கின்றனவோ அவ்வளவு நீளம் வேண்டும், ஆகவே என் உருளை நீட்டாய், ஒடுக்கமாய், சப்பையாய் வந்தது. சட்டைக் கழுத்துக்கு வைக்கும் தடித்த மட்டையில் வெட்டினேன். நான் தைத்துப் பிழைத்தவள். தையல் மெசினில் நூல் சுற்றுகிற முனை இருக்கிறதே, அதிலே அந்த உருளையை ஒரு குச்சி வைத்து இறுக்கினேன். கைப்பிடியைப் பத்துத் தரம் சுற்றினால் உருளை நூறு சுற்றுச் சுற்றும்.

கணக்குத் தவறக்கூடாது, கம்பியும் அறக்கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றுகிறவளுக்குக் கணக்கு எப்படி நினைவிருக்கும்? செபமாலையை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நூறு சுற்றுக்கு ஒரு மணி தள்ளுவேன். ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தபோது உருளை நிறைந்திருந்தது. அதற்குள்ளே நாலு தரம் கம்பி அறுந்து, நாலு தரமும் முதல் மணியிலிருந்து தொடங்கினேன். நாலு தரமும் அத்தானைத்தான் ஏசினேன். அவர் அந்த நேரம் தன் கடையில் சும்மா புனல் அடித்துக்கொண்டிருந்திருப்பார், அதனால் என்ன?

உருளைக்கு நடுவே ஒவ்வொரு நரம்புக்கும் ஓர் ஆணி நிறுத்த வேண்டும், காந்தத்தின் இழுவையை நரம்புக்குக் கொண்டுபோக. முதலில் வள்ளத்துக்கு அடிக்கிற செப்பாணியை வைத்தோம். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், நல்ல வேலைக்குச் செப்புத்தான் என்று எங்கள் சனத்தின் மண்டையில் ஊறியிருந்தது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தோம், ஆணியில் ஓர் இழுவையும் இல்லை. காந்தம் செப்பைத் திரும்பியும் பார்க்காது என்று பிறகுதான் உறைத்தது. கடற்கரையில் பிறந்தவர்கள் தவிர வேறு யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். செப்பைப் பிடுங்கிவிட்டு ஆறு இரும்பாணி வைத்தேன். தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதுதான் அந்த ஆறு பொட்டு. கம்பியில் நகம் படாமல் இருக்க வலை நூலைச் சுற்றிக் கட்டி மேலே மெழுகு ஊற்றினேன். மெழுகும் சாயம் போட்ட வலை நூலும் சேர்ந்து கன்னங்கரேல் என்று வந்தது. அழகுக்காகச் சுற்றவில்லை.

லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற மனிதர் ஒருவர் பட்டினத்தில் இருந்தார். திருநாளுக்கும் அவர்தான் வருவார். அவரிடம் கொண்டுபோய்க் கொழுவினோம். என் மனுஷன் இரும்பை வைத்து ஒரு நரம்பைத் தட்டினார். ஐயோ கடவுளே! தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். கலியாணத்தன்று கூட அந்த மனிதர் அப்படி இருக்கவில்லை.

ஆனால் வாசிக்காத நேரம் அது வண்டு மாதிரி இரைந்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் இரைந்தது. "உதுக்கு ஒரு உலோக மூடி போட வேணும்," என்றார் லவுட்ஸ்பீக்கர்காரர். "சுருளின்ரை ஒரு கம்பி முனையை மூடியோடை ஈயத்தாலை ஒட்டிவிட்டால் இரைச்சல் நிக்கும். ஆனால் பித்தளையிலை செய்யுங்கோ. இரும்பு வேண்டாம். இரும்பு போட்டால் காந்தத்தின்ரை இழுவையை அது குடிச்சுப்போடும், சத்தம் செத்துப்போம்." இதைச் சொல்லும்போது அத்தானும் அங்கே நின்றார். திருநாளுக்கு எத்தனை லவுட்ஸ்பீக்கர் என்று பேச வந்தவர். நன்றாய்க் காது கேட்கிற மனிதர்.

கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். "மச்சாள், இதென்ன கருவாடே? ஆறு கண் உள்ள கருவாடு. மேலை எலிப்பொறி வேறை," என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். லவுட்ஸ்பீக்கர்காரரும் சிரித்தார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவருடைய தாயைப் பற்றியது.

இரண்டாம் நாளே கோயில் சுவாமியாரிடம் கதை போய்விட்டது. செபமாலையை உருட்டிப் பேய்க்கம்பி சுற்றுகிறாள், வேதத்தைப் பழிக்கிறாள் என்று. யார் கொண்டுபோனது என்று நான் விசாரிக்கப் போகவில்லை. விறாந்தையில் அக்காவின் பிள்ளைகள் விளையாட வருவார்கள், பார்த்ததை வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய கால் ஊரில் ஒன்றுதான்.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் சுவாமியார் என்னையும் என் மனுஷனையும் அத்தானையும் தன் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. திருநாள் பூசையில் சுவாமி நாவில் வைக்கிற நன்மை அப்பம் வாங்க வேண்டுமென்றால் பகையோடு வரக்கூடாது. ஊருக்குத் தெரிந்த பகையென்றால் ஊருக்குத் தெரியச் சமாதானமாக வேண்டும். ஒருவர் ஏதாவது கொடுக்க, மற்றவர் அதை வாங்கிப் பாவிக்க வேண்டும். வாங்காவிட்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்ன பாவத்துக்கு மன்னிப்புக் கிடையாது.

"செபமாலையாலை கம்பி எண்ணினாயோ பிள்ளை?" என்றார் சுவாமியார்.

"ஓம் சுவாமி. ஒவ்வொரு மணிக்கும் மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லித்தான் எண்ணினனான்," என்றேன். பாதி மணிக்குத்தான் சொன்னேன். மற்றப் பாதிக்கு அத்தானை ஏசினேன் என்று சொன்னேனல்லவா?

சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினார். அத்தான் லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்ததை விரித்தார். ஒரு மூடி. கண்ணாடி மாதிரி மினுக்கிய தகரம். மூலைகள் வழுவழுவென்று உருட்டி, ஓரம் மடித்து, இரண்டு பக்கமும் காது விட்டு, காதுக்கு ஓட்டை போட்டு... வேலை தெரிந்தவர்தான், பொய் சொல்லக்கூடாது. எங்கள் பிக்கப்பின் அளவை எங்கே எடுத்தார் என்று தெரியாது, அச்சாய் இருந்தது.

"சுவாமி, இது கோயில் மேடையிலை கறுப்பாய், அருவருப்பாய் இருக்கப்படாது. நான் என்ரை கையாலை செய்தனான்," என்றார். அவர் குரலில் தேன் சொட்டியது.

"நல்லது. நாளைக்கு இந்த மூடியோடைதான் கிற்றார் மேடைக்கு வர வேணும். சனம் காண வேணும்," என்றார் சுவாமியார்.

என் மனுஷன் அதை வாங்கி, மடியில் இருந்த கிற்றாரின் மேலே கொண்டுபோனார். கை விடுவதற்கு முன்னமே அது டக் என்று பாய்ந்து லாடக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. தகரம் என்றால் வெள்ளீயம் பூசிய இரும்புதானே! நான் வாயைத் திறந்தேன். என் மனுஷன் தன் காலால் என் காலை அழுத்தினார். நன்றாய் அழுத்தினார்.

"சந்தோசம் அண்ணை," என்றார்.

நேரே தகரக்கடைக்குப் போனோம். அத்தான் காதுகளைத் திருகாணியால் கிற்றாரின் மரத்தோடு இறுக்கினார். சுருளின் உள்முனைக் கம்பியைத் தூக்கி மூடியின் உள்ளே ஈயத்தால் ஒட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயப் புகை மூக்கில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "தெரிஞ்சு செய்தவன்! அந்த மனிசன் இரும்பு வேண்டாம் எண்டு சொன்னது அவன்ரை காதிலை விழேல்லையோ? உங்களைக் கதிரையாலை எழுப்பத்தான் இந்த வேலை!"

"அவரிட்டைத் தகரம்தான் கிடக்குது. பித்தளைக்கு எங்கை போவார்?" என்றார். "தன்னட்டை இருந்ததிலை செய்தார். விடு."

"கழட்டுங்கோ. நாளைக்கு மேடையிலை ஏறுற நேரம் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

"சுவாமிக்கு முன்னாலை சந்தோசம் எண்டு சொல்லி வாங்கினனான். நன்மை வாங்கிப்போட்டு ஒரு மணித்தியாலத்திலை கழட்டவோ? நீ சும்மா இரு. என்ரை கிற்றார், நான் பாத்துக்கொள்ளுறன்."

அது அவர் கிற்றார்தான். சுருள் என்னுடையது. அதை நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லாமல் விட்டதற்காக என்னை நானே ஏசுகிறேன்.

திருநாளன்று பூசை முடிந்து சனம் வெளியே வந்து பந்தலுக்குள்ளே நிறைந்தது. நானும் அத்தானும் ஒரே வரிசையில் முழந்தாளிட்டு நன்மை வாங்கியிருந்தோம். மேடையில் கோஷ்டி ஏறியது. நடுவில் அத்தானும் ஆர்மோனியமும், அவர் வாய்க்கு நேரே மைக். ஓரத்தில் என் மனுஷன். அந்த மூடி வெயிலில் பளபளவென்று மின்னியது. "பார், என்ன வடிவு," என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

பாட்டுத் தொடங்கியது. ஆர்மோனியம் கேட்டது, மத்தளம் கேட்டது, கடலை விற்கிறவனுடைய குரல் கேட்டது. கிற்றாரை நான் காதைத் தீட்டித் தேடினேன். போர்வைக்குள்ளே இருந்து கதைக்கிற மாதிரி ஏதோ ஒன்று, வந்தும் வராமலும். இரைச்சல் இல்லை, அது உண்மை. சத்தமும் இல்லை. என் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அத்தான் துருத்தியை இன்னும் வேகமாய் அமத்தினார்.

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி என் முழங்கையில் இடித்தாள். "எடியே, உன்ரை மனுசன் வாசிக்கிறாரோ, இல்லாட்டிச் சும்மா கையை ஆட்டுறாரோ?"

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் தெரியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு போனதும் மேடையில் ஏறியதும் நினைவில்லை. கிற்றாருக்கு மேலே குனிந்து, இரண்டு கையாலும் அந்த மூடியின் இரண்டு காதையும் பிடித்து இழுத்ததுதான் நினைவிருக்கிறது. திருகாணி மரத்தைப் பிளந்துகொண்டு வந்தது. தகரம் என் உள்ளங்கையைக் கிழித்தது. மூடியைத் தூக்கி ஆர்மோனியத்துக்கு மேலே எறிந்தேன்.

"இரும்பெண்டு தெரிஞ்சுதானே தந்தனீ! அவரின்ரை வாயைப் பொத்தத்தானே தந்தனீ!"

அத்தானை நான் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். மைக் பக்கத்தில் இருந்தது. நாலு லவுட்ஸ்பீக்கரிலும் என் குரல் போய்ச் சந்தி வரைக்கும் கேட்டது.

பிறகு என் மனுஷன் பக்கம் திரும்பி, "இப்ப வாசியுங்கோ!" என்றேன். "இப்ப வாசியுங்கோ, கேக்கட்டும்!"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரும்பை நரம்பின் மேல் வைத்துத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் தட்டினார். ஒரு துளி சத்தம் வரவில்லை.

சுருளின் உள்முனை மூடியோடு ஒட்டியிருந்தது. நான் மூடியை இழுத்தபோது அது அடியிலிருந்து அறுந்து மூடியோடு போய்விட்டது. தலைமயிர் அறுந்தால் சத்தம் கேட்குமா? வெளிமுனை என்றால் அந்த இடத்திலேயே ஒட்டியிருக்கலாம். உள்முனை என்றால் ஐம்பத்துமூன்று மணியையும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். அதை ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தேன்.

அத்தான் ஆர்மோனியத்தை நிறுத்தவில்லை. சிரித்தார் என்றுதான் நான் இன்று வரைக்கும் சொல்கிறேன். அக்கா இல்லை என்றாள். செத்துப்போகுமட்டும் இல்லை என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கதிரையில் பாஞ்சோக்காரன் இருந்தான். நான் சுருளைத் திரும்பச் சுற்றினேன், பித்தளைத் தகடும் தேடிப் பிடித்தேன். முன்னையதிலும் நன்றாய் வந்தது. கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். "வைச்சிரு," என்றார். தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று நான் அவரைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. திருநாளன்று மத்தியானம் வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே சொல்லிவிட்டார்.

கிற்றாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முன்னால் போனார். நான் கிழிந்த கையைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, அத்தானை ஏசி ஏசிப் பின்னால் வந்தேன். கோதாரி விழுவான், நாசமாய்ப் போவான் என்று வாய் ஓயவில்லை. பாதி வழியில் அவர் நின்றார்.

"எடி, கேட்டது," என்றார்.

"என்ன கேட்டது?"

"தகரத்தோடையும் கேட்டது. கனக்க இல்லை. முன்வாங்கிலை இருந்த நாலைஞ்சு பேருக்குக் கேட்டது. ஒரு கிழவர் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினவர், நான் கண்டனான். அதுக்குப் பிறகுதான் கண்ணை மூடினனான்."

கையில் சுற்றிய சீலைத் தலைப்பை நான் இன்னும் இறுக்கினேன்.

"எனக்கு அது காணுமெண்டு இருந்ததடி," என்றார்.